கர்னலின் இருமல்

1961 டிசம்பர் 3, ஞாயிறு

குதிரைக்குக் குளிருமா?

எனக்குத் தெரியாது. சாப்பிடும்போது தம்பி ஆனந்தன் கேட்டான். தெரியாது என்றுதான் சொன்னேன்.

"மெட்ராஸ்ல ஜுவாலஜி ஹானர்ஸ் படிச்சவ, இருவது வருஷமா பொண்ணுங்களுக்குத் தவளைய அறுத்துக் காட்டறவ, இதுகூடவா தெரியாது?"

தவளையை அறுத்தால் தவளை தெரியும். அதுவும் செத்த தவளை.

தம்பி இப்போது கிளப் லாயத்தின் கௌரவச் செயலாளர். துரைமார்கள் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன குதிரைகளில் இரண்டு மிச்சம். கர்னல் என்று ஆண் குதிரை ஒன்று, டெய்சி என்று கிழட்டுப் பெண் குதிரை ஒன்று. அப்பா ஆயுள் முழுக்கத் தங்கச் சுரங்க ஷாஃப்டில் இறங்கியவர். அந்தக் கிளப்பின் வேலி ஓரமாக நடந்தால்கூட வாட்ச்மேன் விரட்டுவான். இன்று அவர் மகன் அங்கே செயலாளர். குடியரசு தினத்தன்று கர்னல் மேல் ஏறி அணிவகுப்புக்கு முன்னால் போகப் போகிறானாம். அவன் மனைவி செல்வி வெள்ளைப் பேன்ட்டுக்கு இப்போதே கஞ்சி போட்டு ஒத்திகை பார்க்கிறாள்.

"கர்னல் காலையில இருமுது அக்கா. குளிர்தான். ஒரு வாட்டி வந்து பாரேன்."

போகப் போவதில்லை. துரை கழற்றிப் போட்ட பூட்ஸில் காலை நுழைத்துக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் குமட்டுகிறது.

டிசம்பர் 5

மறுபடியும் கேட்டான். திருத்த வேண்டிய பரீட்சைத் தாள் இருக்கிறது என்றேன்.

டிசம்பர் 9, சனி

போனேன். போயிருக்க வேண்டாம்.

கதவைத் திறந்ததும் மூத்திர நெடி கண்ணில் அறைந்தது. ஆய்வுக்கூடத்தில் அமோனியா சீசாவை முகர்ந்துவிட்டு ஓடுகிற பெண்களை நான் திட்டியிருக்கிறேன். இனிமேல் திட்டமாட்டேன். ஜன்னல்களில் கோணிப்பையைத் திணித்து, மேலே சாணி பூசி அடைத்திருக்கிறார்கள். நடுவில் கரி கணகணக்கிற ஒரு கணப்புச் சட்டி. புகையும் மூத்திரமும் ஈரக் கம்பளியும் சேர்ந்த ஒரு நாற்றம். சேலையில் ஏறி வீடுவரை வந்துவிட்டது.

லாயத்தைப் பார்த்துக்கொள்பவன் இன்பராஜ். கீழே வேலை செய்யும்போது கால் நசுங்கி, பிறகு மேலே அனுப்பப்பட்டவன்.

"இன்னா டீச்சர் மூக்க மூடிகினு? குதிர லாயத்துல மல்லிப்பூ வாசனையா வரும்?"

ஏன் இப்படி அடைத்து வைத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

"ஷிஃப்ட் முடிஞ்சி கேஜுல மேல வர்றோம். கீழ அடுப்பு மாதிரி கொதிக்குது, மேல வந்தா பனி. அந்தக் காத்து நெஞ்சுல பட்டா ஆளு காலி. அதான் கம்பளியப் போத்திகினு, காத மூடிகினு வூட்டுக்கு ஓடறோம். மனுசனுக்கே இந்தக் கதின்னா வாயில்லா ஜீவனுக்கு?"

"இந்தக் குதிரை எந்த ஷாஃப்டில் இறங்கி வந்தது?"

சிரித்தான். "நல்லாத்தான் கேக்கறீங்க."

ஆனால் இதில் அவனை மட்டும் சொல்லிப் பயனில்லை. மேலே வந்ததும் மூடு, அடை, காற்றை விடாதே. இந்த ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் அதே சட்டம்தான். அப்பா ஷிஃப்டிலிருந்து வருகிற நேரத்துக்கு ஜன்னலை அடைத்து வைப்பது சின்ன வயதில் என் வேலை.

டெய்சியின் முதுகில் கிளப் முத்திரை போட்ட கம்பளி. பார்க்க ராணி மாதிரி. கம்பளியைத் தூக்கினேன். எப்போது கடைசியாக எடுத்தார்களோ, அடியில் ரோமம் நசநசவென்று ஊறி, பிடி பிடியாகக் கையோடு வந்தது. தோலில் பேன். குளிர்காலத்து ரோமம் அடர்த்தியாக இருப்பதால் கண்ணுக்குக் கொழுத்த குதிரை. விரலை வைத்து அழுத்தினால் ஒவ்வொரு விலா எலும்பும் தனித்தனியாகத் தட்டுகிறது.

கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினேன். இன்னும் நாறுகிறது.

டிசம்பர் 10, ஞாயிறு

வாசகசாலையில் குதிரையைப் பற்றி ஒரே ஒரு புத்தகம். யாரோ ஒரு ராணுவ வைத்தியர் எழுதியது, பாதி செல்லரித்தது. குளிர் கொன்ற குதிரைகளைவிட அடைத்துவைத்துக் கொன்ற குதிரைகள் அதிகம் என்கிறார். மழையும் நேர்க்காற்றும் படாமல் ஒரு பக்கம் சுவர் இருந்தால் போதும். ஈரக் கம்பளி, கம்பளி இல்லாததைவிட மோசம். உடம்புக்குச் சூடு தருவது தானியத்தைவிடப் புல். வயிற்றுக்குள் அது மெல்ல மெல்ல வேகும்போது உண்டாகிற சூடு.

நம்பலாமா? அச்சில் வந்தது என்பதற்காக நான் எதையும் நம்பியதில்லை. அவர் பார்த்த குளிர் வேறு, நம் குளிர் வேறு.

ஆனந்தனிடம் சொன்னேன். முகம் சுருங்கியது. "கர்னலைத் தொடாத. இருவத்தாறாந் தேதி நான் ஏறணும். உன் படிப்பை அந்தக் கிழட்டு டெய்சி மேல காட்டு. அத எப்படியும் ஒழிச்சிடலாம்னுதான் கமிட்டியில பேசறாங்க."

சரி என்றேன். உடனே சரி என்றேன்.

டிசம்பர் 17

டென்னிஸ் மைதானத்துக்குப் பின்னால், துரைசானிகள் உட்கார்ந்து ஆட்டம் பார்த்த பழைய கொட்டகைக்கு டெய்சி குடிபோய்விட்டது. கிழக்கே சுவர், மேலே கூரை, மற்ற பக்கமெல்லாம் திறப்பு. கம்பளி இல்லை. பேனுக்கு மருந்து தடவி, வெயிலில் நிறுத்தித் தேய்த்தாயிற்று. வேகவைத்த கொள்ளைக் குறைத்துவிட்டு, நாள் முழுக்க மென்றுகொண்டே இருக்கட்டும் என்று காய்ந்த புல்லும் ராகித் தாளும் போடச் சொன்னேன். காலையில் குழாய்த் தண்ணீர் ஐஸாக இருக்கிறது, இரண்டு வாய்க்கு மேல் குடிப்பதில்லை. அதனால்தான் சாணி கல்லாக இறங்குகிறது. வெந்நீர் கலந்து வைத்தால் வாளி காலி.

இன்பராஜ் வாளியைத் தூக்கிக்கொண்டு முணுமுணுக்கிறான். "குதிரைக்கு வெந்நீரு. எங்கூட்டுக்காரி புள்ள பெத்தப்போகூட நான் இப்டி வெந்நி போடல."

"அதைப் பெருமையாகச் சொல்லாதே" என்றேன்.

டிசம்பர் 25, திங்கள்

கிளப்பிலிருந்து கும்பலாக லாயத்துக்கு வந்தார்கள். தலையில் காகிதத் தொப்பி. கர்னலுக்குக் குளிருமாம், அதனால் வாளியில் ரம் ஊற்றினார்கள். குதிரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒருவர் அதன் வாயைப் பிடித்துத் திறந்தார், இன்னொருவர் போட்டோ எடுத்தார். ஆனந்தன் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அங்கே முகத்தில் அறிவு தெரிந்தது குதிரைக்கு மட்டும்.

1962 ஜனவரி 2

டெய்சியின் விலா எலும்பு விரலுக்கு இப்போது மறைகிறது. ரோமம் பூத்து நிற்கிறது, பஞ்சு மாதிரி. விடியற்காலைப் பனியில் அதன் முதுகில் கையை வைத்துப் பார்த்தேன் – ரோமத்துக்கு அடியில் இளஞ்சூடு.

ஆனந்தனிடம் சொல்ல லாயத்துக்குப் போனேன். கணப்புச் சட்டியைச் சுற்றி நாலு பேர், ரம்மி. இன்பராஜ், வாட்ச்மேன், ஆபீஸ் ஆள் ஒருவர். துரை உட்கார்ந்த பிரம்பு நாற்காலியில் என் தம்பி. கர்னலின் கம்பளி அவன் முழங்கால்மேல். கர்னல் ஓரமாக நின்று இருமிக்கொண்டிருந்தது.

"கணப்பு குதிரைக்கா, ரம்மிக்கா?"

ஆனந்தன் சீட்டைக் கீழே வைக்கவில்லை. "ரெண்டுக்குந்தான் அக்கா. நீ போ, நான் வர்றேன்."

சீ!

ஜனவரி 9

வகுப்பு முடிந்து லாயத்துக்குப் போனேன். கர்னலின் மூக்குத் துவாரங்களில் சாம்பல் நிறத்தில் சேறு மாதிரி. விரலில் எடுத்து நசுக்கினேன். நறநறவென்றது. குனிந்து தரையைப் பார்த்தேன். இத்தனை நாள் நாற்றத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர, காலடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. கணுக்கால் உயரத்துக்கு சயனைட் மண்! பாறையை மாவாக அரைத்து, தங்கத்தை எடுத்துக்கொண்டு மில் வெளியே கொட்டுகிற சக்கை. ஊரைச் சுற்றி மலை மலையாகக் கிடக்கிறதே, அதே மண். குதிரை காலைத் தூக்கி வைக்கும்போதெல்லாம் புகையாக எழும்புகிறது. படுத்தால் மூக்கு அதற்குள்ளேயே.

"சும்மா கெடைக்குது, பட்டு மாதிரி கீது" என்றான் இன்பராஜ். "பகல்ல வெயில்ல காயவெச்சிக் கொட்னா ராத்திரி முச்சூடும் கதகதன்னு கீது. இத்தவிட மெத்த எங்க கெடைக்கும்?"

"உங்க அப்பா எப்படிச் செத்தார்?"

"நெஞ்சுல தூசி."

"எங்க அப்பாவும்தான். எந்தத் தூசி?"

"அது கீழ இருக்கற தூசி டீச்சர். இது மேல இருக்கற தூசி."

அவன் முகத்தைப் பார்த்தேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

இந்த மண்தான் டெய்சியின் காலடியிலும் கிடந்தது. கொட்டகைக்குப் போனதால் தப்பியது. கர்னலை உடனே மாற்று என்று ஆனந்தனிடம் சொன்னேன். "இருவத்தாறு வரைக்கும் எதையும் மாத்தாத. குளிர்ல வெச்சி ஏதாவது ஆச்சுன்னா என் மானம் போயிடும்" என்றான். வாதாடாமல் வந்துவிட்டேன்.

ஜனவரி 15

கோலாரிலிருந்து ஒரு கால்நடை டாக்டரை வரவழைத்தார்கள். வாசற்படியைத் தாண்டவில்லை. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, குதிரை இருமுவதை அங்கிருந்தபடியே கேட்டார். "லங்ஸ் ஹோய்த்து" என்றார் கன்னடத்தில். போய்விட்டதாம். காபி குடித்துவிட்டு அவரும் போய்விட்டார்.

ஜனவரி 16

இதை எழுதிவிட வேண்டும்.

ஒரு குதிரை காற்றில், ஒரு குதிரை அடைப்பில். சோதனைக்கு ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று. பாடப் புத்தகத்தில் இருக்கிறபடி. அன்று நான் ஏன் உடனே சரி என்றேன்? கர்னல் இருமும்போதெல்லாம் எனக்குள் ஒரு மூலையில் – பார், நான் சொன்னேனே – என்று ஒரு குரல். மண்ணைக் கண்டுபிடித்த பிறகும் ஒரு வார்த்தை சொன்னேன், அவன் மறுத்தான், வந்துவிட்டேன். மறுப்பான் என்று தெரிந்துதான் சொன்னேனா?

வாளியில் ரம் ஊற்றினவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? எனக்குக் காகிதத் தொப்பி இல்லை. அவ்வளவுதான்.

ஜனவரி 21, ஞாயிறு

நேற்று பௌர்ணமி. புத்த விகாரத்தில் ஆனந்தன் முன்வரிசையில் உட்கார்ந்து கணீரென்று பஞ்சசீலம் சொன்னான். உயிரைக் கொல்லமாட்டேன், திருடமாட்டேன், தகாத உறவு கொள்ளமாட்டேன், பொய் சொல்லமாட்டேன், குடிக்கமாட்டேன். அங்கிருந்து நேரே கிளப்புக்குப் போனான். கர்னலைச் சுட்டுவிடுவது என்று கமிட்டி முடிவு செய்ததாம். இவனும் கை தூக்கினானாம். அணிவகுப்பு முடிந்த மறுநாள் காரியம்.

"ஏன் சுடணும்? ஓரமாக நின்றுவிட்டுப் போகட்டுமே."

"நோய்ப்பட்ட குதிரைய வெச்சிருந்தா கிளப்புக்குக் கேவலம். ஜட்காக்காரனுக்குத் தள்ளிவிட்டா அதவிடக் கேவலம். துரைங்க இருந்தா அப்படித்தான் செஞ்சிருப்பாங்க அக்கா."

"நேற்று மாலை என்னடா சொன்னே விகாரத்தில்? வாயா அது, இல்ல இன்னா அது?"

எழுந்து போய்விட்டான். நான் இப்படிக் கத்தி வருஷங்கள் ஆகின்றன. செல்வி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மத்தியானம் நானே லாயத்துக்குப் போய்க் கயிற்றைப் பிடித்தேன். இன்பராஜ் வழிமறித்தான்.

"சாவப் போற குதிரைக்கு இன்னாத்துக்கு டீச்சர் எட மாத்தம்? பிப்ரவரியில எட்டு கெரகம் சேர்ந்து ஒலகமே அழியப் போவுதாம். அப்புறம் குதிரையாவது லாயமாவது."

"உலகம் அழியட்டும். அதுவரைக்கும் நல்ல காற்றை இழுக்கட்டும். பிடி அந்தப் பக்கம்."

பிடித்தான். வெளியே வந்ததும் வெளிச்சத்தில் கண் கூசி, கர்னல் அப்படியே நின்றது. பிறகு டெய்சி இருக்கும் பக்கம் பார்த்துக் கனைத்தது. இருமலும் கனைப்பும் கலந்து ஒரு கேவல் சத்தம். பழைய லாயம்போல் மண் கொட்டாமல், கொட்டகைத் தரையில் ராகித் தாளை விரித்து, தூசி எழாமல் தண்ணீர் தெளித்தோம். போடுகிற புல்லையும் நனைத்தே போடுகிறோம்.

ஜனவரி 26, வெள்ளி

அணிவகுப்பு. கர்னல் இருமுவதால் ஆனந்தன் டெய்சிமேல் ஏறிப் போனான். கிழட்டுக் குதிரை பளபளவென்று நடந்தது. மேல்நிலை அதிகாரி ஒருவர், யாரப்பா இதை இப்படித் தேற்றியது என்றாராம். "நம்ம கிளப் கவனிப்புதான் சார்" என்றானாம். இதை வீட்டில் வந்து அவனே சொல்கிறான், என் எதிரில், பாயசம் குடித்துக்கொண்டே.

ஜனவரி 27

சுட ஆள் வரவில்லை.

துப்பாக்கி வைத்திருக்கும் சுரங்கக் காவல்காரர் சின்னசாமி மறுத்துவிட்டாராம். "எட்டு கெரகம் கூடற நேரத்துல கையில ரத்தம் படக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லிகீது. அஞ்சாந் தேதி போவட்டும், ஆறாந் தேதி நானே வந்து சுடறேன்" என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். கமிட்டித் தலைவர் வீட்டிலேயே யாகம் நடக்கிறது. அவரும் அதுதான் சரி என்றாராம்.

வானத்தில் எட்டு கிரகம் ஒரு பக்கமாக வந்தால் பூமிக்கு ஒன்றும் ஆகாது என்று நேற்று முன்தினம்தான் வகுப்பில் சொன்னேன். இன்று அதே மூடத்தனத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லமாட்டேன்.

ஜனவரி 31

கர்னலின் மூக்கு சுத்தம். காலையில் மட்டும் இருமல்.

பிப்ரவரி 3, சனி

பள்ளிக்கூடத்தில் பாதிப் பெண்கள் வரவில்லை. சாகும்போது வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருக்க வேண்டுமாம். ஆசிரியைகளும் இருவர் வரவில்லை. ஒருத்தி பி.எஸ்ஸி. ஆண்டர்சன்பேட்டை பஜாரில் தேங்காய் கிடைக்கவில்லை என்றாள் செல்வி.

குதிரைகள் இரண்டும் வெயிலில் பக்கம் பக்கமாக நின்று ஒன்றின் கழுத்தை ஒன்று கடித்துச் சொறிந்துகொண்டிருந்தன. கம்பளி இல்லை, முத்திரை இல்லை. எது எது என்று எனக்கே ஒரு நொடி குழம்பியது.

பிப்ரவரி 5, திங்கள்

மாலையில் ஆனந்தன் கொட்டகைக்கு வந்தான். நான் கூப்பிடவில்லை. பேன்ட் பையில் கையை விட்டபடி நின்றான். "தேறின மாதிரி இருக்கே" என்றான்.

"கண்ணால் பார்க்காதே. கையை வைத்துப் பார்."

வைத்தான். ரோமத்துக்குள் விரல் போய் விலாவைத் தேடியது. கர்னல் திரும்பி அவன் சட்டையை முகர்ந்தது. ஆனந்தன் வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

கமிட்டியில் பேசு, தள்ளிப்போடு என்றேன். தீர்மானம் ஆனது ஆனதுதான் என்றான். கமிட்டி ஆள் என்ற முறையில் நாளைக் காலையில் இவன்தான் கூட நிற்க வேண்டுமாம்.

நாளை என்ன நடக்கும் என்று தெரியும். சின்னசாமி வருவார், ஆனந்தன் கையை நீட்டிக் காட்டுவான். பெரியவர்கள் சொன்னதற்கு எதிராக அவன் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. நான் போகப் போவதில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

உலகம் அழியவில்லை. நான் போனேன்.

பனி விலகாத நேரம். சின்னசாமி துப்பாக்கியோடு வந்தார், நெற்றியில் விபூதி. இரண்டு குதிரைகளும் தலையை வெளியே நீட்டிப் புல் மென்றுகொண்டிருந்தன. இரண்டும் ஒரே செம்பழுப்பு, ஒரே பஞ்சு ரோமம்.

"நோய்க் குதிரைன்னாங்க. எது?" என்று இன்பராஜைக் கேட்டார்.

"எனக்கின்னா தெரியும்? நான் ரம்மி ஆடறவன்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான் இன்பராஜ்.

"சார், நீங்க சொல்லுங்க" என்றார் சின்னசாமி.

ஆனந்தன் பக்கம் நான் திரும்பவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தெரியலையே" என்றான் ஆனந்தன்.

"இன்னா சார், செகரட்ரி நீங்க!"

"எனக்குத் தெரியல. இருமற குதிரையத்தான் சுடச் சொன்னாங்க. இருமாத குதிரைய சுட்டுட்டா நாளைக்கு யாரு பதில் சொல்றது? நின்னு பாரு. எது இருமுதோ அது."

பதினேழு நாள் முன்பு விகாரத்தில் பஞ்சசீலம் ஐந்தும் சொன்னான். முதலாவதைக் காப்பாற்ற நாலாவதை என் கண்ணெதிரே உடைத்தான்.

நின்றோம். சின்னசாமி ஒரு பீடி பற்றவைத்தார். குதிரைகள் மென்றன. பீடிப் புகை ஆனந்தன் பக்கம் போனது. அவனுக்குத் தொண்டை கமறி, குனிந்து இருமினான்.

"சார், சார், நீங்க இருமாதீங்க" என்றான் இன்பராஜ். "ஆளு துப்பாக்கியோட கீறாரு."

சின்னசாமிகூடச் சிரித்துவிட்டார். ஷிஃப்ட் சங்கு ஊதியது. துப்பாக்கியைத் தோளில் மாட்டினார். "ரெண்டும் நல்லாத்தான் கீது. நான் போய்ச் சொல்லிடறேன். வேணும்னா அவங்களே வந்து இருமறத கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் வேலியைத் தாண்டி, ரோட்டில் இறங்கி, வளைவில் மறைந்தார்.

அப்போது கர்னல் ஒரு முறை இருமியது.

மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.